ஆஸ்டலுக்குப் பின்னால் இரண்டு மா

உன் படத்தை அட்டையில் போட்டிருக்கும் கல்லூரி, நீ உயிரோடு இருந்தவரை உனக்கு ஒரு சட்டி மண் தரவில்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை. நடந்தது இதுதான்.

இந்த ஆண்டுக்கான மாணவர் சேர்க்கைக் கையேடு நேற்றுத் தபாலில் வந்தது. வழவழப்பான தாள், இன்னும் மை வாசனை போகவில்லை. முன்னட்டையில் நீ. கையில் கேடயம், தோளில் சால்வை, பக்கத்தில் தாளாளர். கீழே, 'எங்கள் மாணவி, இன்றைய தொழில்முனைவோர்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். 'இன்றைய' என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அது அவர்களுக்குத் தெரியும். சாவுக்கு மலர்வளையம் அனுப்பியவர்கள்தானே.

படத்தில் நீ சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் நாற்றுப் பண்ணைக்கு இந்தக் குறுவையில் இடம் இல்லை. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நன்னிலம் சாலையில் நாம் குத்தகைக்கு வைத்திருந்த திடலை, சிங்கப்பூரில் இருக்கும் உரிமையாளரின் மகன் மனை பிரித்துவிட்டான். மஞ்சள் அடித்த கல் வரிசையாக நிற்கிறது. பதினொரு பெண்களுக்கு வேலை, வயலுக்கு நாற்று கேட்டுப் பெயர் கொடுத்த விவசாயிகள், நம்மிடம் தொழில் பழகவரும் இறுதியாண்டு மாணவிகள் மூன்று பேர். எல்லாம் இருக்கிறது, தரை மட்டும் இல்லை. இந்த மடலை அந்த மூன்று பெண்களுக்கும் படிக்கக் கொடுக்கப்போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நாம் தாவரவியல் முடித்தபோது, படிப்பை முடிப்பது என்றால் ஊரைவிட்டுப் போவது என்றுதான் அர்த்தம். பையன்களுக்குப் பாஸ்போர்ட், பெண்களுக்குத் தாலி அல்லது திருப்பூர் பஸ். கடைசித் தேர்வு அன்று வகுப்பில் பாதிப் பேர் கையில் ஏஜெண்டு கொடுத்த படிவம் இருந்தது. நீ போகவில்லை. ஊர்ப்பாசம் என்று யாராவது சொன்னால் உனக்கு எரிச்சல் வரும். "பாசமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நடவுக்கு ஆளு கெடைக்கல. மிஷின் வந்துடுச்சு. மிஷினுக்கு ஏத்த நாத்து எவங்கிட்டயும் இல்ல. படிச்சவ நமக்கு இது கண்ணுல படலன்னா அப்பறம் எதுக்குடி அந்த டிகிரி?" நீடாமங்கலம் ஸ்டேஷனில், கேட் மூடியிருந்த நேரத்தில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். நம் தொழிலின் திட்ட அறிக்கை அவ்வளவுதான்.

நடவு இயந்திரத்துக்குச் சாதாரண நாற்று ஆகாது. வயலில் பிளாஸ்டிக் தாளை விரித்து, மரச்சட்டம் வைத்து, சலித்த மண்ணும் எருவும் மெல்லிசாகப் பரப்பி, முளைகட்டிய விதையை நெருக்கித் தூவ வேண்டும். பதினைந்து நாளில் வேர்கள் பின்னிப் பாய் மாதிரி ஆகிவிடும். சுருட்டி வண்டியில் ஏற்றலாம். இருபது நாளைத் தாண்டினால் நாற்று வளர்ந்துவிடும், இயந்திரத்தின் விரல் அதைப் பிடிக்காது. ஆக, நாம் விற்பது நாற்றைக்கூட அல்ல. ஐந்து நாளை விற்கிறோம். அந்த ஐந்து நாளுக்குள் வயலில் சேறு தயாராக இருக்க வேண்டும்.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் உன் அம்மா இருந்தார். அடைக்கலமேரி என்றால் சுற்றுவட்டாரத்தில் நடவு நட ஆள் தேடும் எல்லோருக்கும் தெரியும். நாற்பது பெண்களைச் சேர்த்து அழைத்துப் போகிறவர். நீ திட்டத்தைச் சொன்ன அன்று நானும் உன் வீட்டில் இருந்தேன். அவர் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னைய நாலாங் கிளாஸோட நிறுத்தி நடவுக்கு அனுப்புனாங்க. ஒன்னைய காலேஜி வரைக்கும் அனுப்புனேன். எதுக்கு? எங்க கைவேலையப் புடுங்கவா?"

"நான் புடுங்கலன்னா வேற எவனாவது புடுங்குவாம்மா. மிஷினு வந்துக்கிட்டேதான் இருக்கு."

"வரட்டும். எவனோ புடுங்கட்டும். எம் பொண்ணு புடுங்கக் கூடாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் இவகூடச் சேந்துக்கிட்டியா? ஒங்கம்மா எங்கூட வரிசையில நிக்கிறவதானே. அவகிட்ட சொல்லிட்டியா, இல்ல நாஞ் சொல்லவா?"

நான் சொல்லியிருக்கவில்லை. இரண்டு மாதம் அவர் உன்னோடு பேசவில்லை. சோறு போட்டு மூடி வைப்பார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மூன்று வரிசை தள்ளி உட்காருவார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நீ சொன்னதிலும் இருந்தது. தொழில் தொடங்குவதைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஒருத்தி தொழில் தொடங்கினால் இன்னொருத்தியின் வேலை போகலாம், அந்த இன்னொருத்தி பெற்ற தாயாகவும் இருக்கலாம் என்று எந்த விருந்தினரும் சொல்லி நான் கேட்டதில்லை.

முதல் குறுவையில் நாம் செய்த முட்டாள்தனத்தை எழுதாமல் விடமாட்டேன். மேட்டூர் திறக்கும் தேதி பேப்பரில் வந்தது. நீ சுவர்க் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டாய். அங்கிருந்து நாள் எண்ணி, தண்ணீர் கல்லணை தாண்டி நம் பக்கம் வர இத்தனை நாள், வயலை உழ இத்தனை நாள் என்று கூட்டி, விதையைத் தூவும் நாளைக் குறித்தோம். படித்தவர்கள் அல்லவா, கூட்டல் சரியாகவே இருந்தது. திடலில் பம்புசெட் இருந்ததால் நாற்றும் சொன்னபடி வளர்ந்தது. பதினைந்தாம் நாள் பச்சைப் பாய் மாதிரி கிடந்ததைப் பார்த்து நீ செருப்பைக் கழற்றிவிட்டு அதைச் சுற்றி வந்தாய்.

வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. அந்த வருடம் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள், நம் வாய்க்காலின் முறை பின்னால் இருந்தது. வயலில் இறங்கி நடவு நட்ட எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். நாம் கேட்கவில்லை. கேட்பதற்கு வீட்டில் ஒருவர் இருந்தார், அவரோடு பேச்சு இல்லை.

நாற்றுக் கேட்டிருந்த நன்னிலம் பக்கத்து விவசாயி இருபத்திரண்டாம் நாள் வந்து பார்த்தார். நாற்று ஒரு சாணைத் தாண்டி எழுந்து நின்றது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பேப்பரப் பாத்தா நாள் குறிச்சீங்க? எங்க வாய்க்கா பேப்பர் படிக்காதும்மா." அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். "படிச்ச புள்ளைங்க, வேற எதாச்சும் வேலை பாக்கலாமே" என்றார் ஒருவர். அவர்கள் போனபிறகு பூவாளியை எடுத்து, வீணாகப்போன நாற்றுக்கு வழக்கம்போலத் தண்ணீர் தெளித்தாய். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

இருபத்தாறாம் நாள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. மறுநாள் விடிந்ததும் உன் அம்மா திடலுக்கு வந்தார். பின்னால் நடவு வரிசை முழுவதும், அதில் என் அம்மாவும். உன் அம்மா குனிந்து ஒரு பாயைத் தூக்கிப் பிய்த்தார். வேரைப் பார்த்தார்.

"மிஷினு புடிக்கலன்னா குப்பையா? நல்லாத்தான் வளத்திருக்கீங்க. பிரிச்சு நட்டா நடும். வண்டியில ஏத்துங்கடி."

நீ, "அம்மா, அது..." என்று தொடங்கினாய்.

"பேசாத. ஒங்கிட்ட நான் இன்னும் பேசல. இவளுவகிட்ட சொல்லிட்டு இருக்கேன்."

அந்த நன்னிலம்காரர் வயலில் இரண்டு நாள் கையால் நட்டார்கள். நீயும் நானும் நாற்றுப் பிரித்துக் கொடுத்தோம். இடுப்பு ஒடிந்தது. உன் அம்மா வரப்பில் நின்று, "டிகிரி, அந்தக் கட்ட இங்க எடு" என்று உன்னை வேலை வாங்கினார். அவர் உன்னை மறுபடி கூப்பிட்ட முதல் பேர் அதுதான். டிகிரி. நடவுப் பெண்கள் எல்லோரும் அப்புறம் உன்னை அப்படியே கூப்பிட்டார்கள். அடுத்த போகத்துக்கு நம்மிடம் முதல் ஆளாக நாற்றுக்குச் சொன்னவர், கேலி செய்த அதே விவசாயிதான்.

அதன் பிறகு இரண்டு காரியம் செய்தாய். முதலாவது, காலண்டரைக் கழற்றினாய். மேலே பெரிய மதகைத் திறந்து மூடும் லஸ்கர் அண்ணனைப் போய்ப் பார்த்து, அவர் செல்போன் எண்ணை வாங்கி வந்தாய். அவரிடம் தேதி கேட்கமாட்டாய். "அண்ணே, தண்ணி வந்துடுச்சா, கண்ணால பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்பாய். அவர் பார்த்தேன் என்று சொன்ன அன்று விதையை ஊறப்போடுவோம். நாற்று பாயாகும் நேரத்தில் கடைமடை வயல் உழுது சேறாகியிருக்கும். மொத்தமாகத் தூவாமல் வாய்க்கால் வாரியாக நான்கு தடவையாகத் தூவினோம். அதற்குப் பிறகு ஒரு பாய்கூட முற்றிப்போனதில்லை.

இரண்டாவது, உன் அம்மாவைப் பண்ணைக்கு மேஸ்திரியாகக் கூப்பிட்டாய். முளைவிதையை ஒரே சீராகத் தூவுவது கைவேலை. நாம் தூவினால் இங்கே குவியும், அங்கே சொட்டையாகும். அவர் கையை ஒரு தடவை சுழற்றினால் போதும். வந்தார். ஆனால் நாற்பது பேர் வரவில்லை. பதினொரு பேருக்குத்தான் நம்மால் வேலை கொடுக்க முடிந்தது. மற்றவர்களில் சிலர் நூறு நாள் வேலைக்குப் போனார்கள், சிலர் திருப்பூருக்குப் பிள்ளைகளோடு போனார்கள். என் அம்மா பதினொன்றில் இல்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நீ இதை யாரிடமும் மறைத்ததில்லை. பாராட்டிப் பேச வருகிறவர்களிடம், "பதினோரு பேருக்கு வேலை குடுத்தோம், இருபத்தொம்போது பேருக்குக் குடுக்க முடியல. ரெண்டையும் எழுதுங்க" என்பாய். ஒருவரும் இரண்டாவதை எழுதவில்லை.

மூன்றாம் வருடம் கல்லூரியில் தொழில்முனைவோர் நாள் என்று கூப்பிட்டார்கள். அதே கல்லூரி. நாம் படித்தபோது தொழில் என்ற சொல்லை யாரும் நம் காதில் போட்டதில்லை. சென்னையிலிருந்து கோட்டு போட்ட ஒருவர் வந்து, வேலை தேடாதீர்கள், வேலை கொடுங்கள் என்று முக்கால் மணி நேரம் பேசினார். நீ என் காதில், "அந்தக் கோட்டக் கழட்டச் சொல்லுடி. பாக்குற நமக்கே வேர்க்குது" என்றாய். உன் முறை வந்தது. நன்றி சொல்லிவிட்டு உட்காருவாய் என்று நினைத்துத்தான் மைக்கைக் கொடுத்தார்கள்.

"ஊக்கம் குடுத்ததுக்கு நன்றி சார். இனிமே எடம் குடுங்க. ஆஸ்டலுக்குப் பின்னாடி ரெண்டு மா நெலம், முக்கா ஏக்கர்கூட வராது, கருவேலம் மண்டிக் கெடக்கு. பக்கத்துலயே வாய்க்கா. வருஷத்துல நாலு மாசம் போதும், நாங்க குத்தகை குடுக்குறோம். இங்க படிக்கிற பொண்ணுங்க அங்க வந்து தொழில் பழகட்டும். அடுத்த வருஷம் அவளுவளே தனியா ஆரம்பிக்கட்டும். போர்டுல காலேஜி பேரையே போட்டுக்கங்க."

மண்டபம் சிரித்தது. தாளாளரும் சிரித்தார். "பொண்ணு நல்லாப் பேசுது. விண்ணப்பமா எழுதிக் குடும்மா, கமிட்டில வைக்கிறோம்." கையில் கேடயத்தைக் கொடுத்துத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். அட்டையில் இருக்கும் படம் அப்போது எடுத்ததுதான்.

பஸ்ஸில் திரும்பும்போது கேடயத்தை மடியில் படுக்கவைத்து அளந்து பார்த்தாய். "இதுல ஒரு அரைப் பாய் நாத்துகூட போட முடியாதுடி."

விண்ணப்பம் எழுதினோம். அடுத்த வருடமும் எழுதினோம். அதற்கடுத்த வருடமும். ஒவ்வொரு தடவையும் பதிலாக அடுத்த தொழில்முனைவோர் நாளின் அழைப்பிதழ் வந்தது. கைதட்டுவதற்கு அவர்களுக்கு எதுவும் செலவாகவில்லை. நிலத்தைக் கொடுத்தால் ஏதாவது குறையும். மாணவர்களுக்கு ஆதரவு என்று பேசுகிற ஒவ்வொருவரையும் இப்போது இந்த அளவுகோலில்தான் பார்க்கிறேன். கொடுத்தால் உங்களிடம் எது குறையும், அதைக் கொடுப்பீர்களா? நீ உன்னிடம் இருந்ததைக் கொடுத்தாய். லஸ்கர் அண்ணனின் எண்ணை, வாடிக்கையாளர் பட்டியலை, விதை தூவும் கைப்பக்குவத்தை. அந்த மூன்று மாணவிகளும் நமக்கே போட்டியாக வருவார்கள் என்று நான் முணுமுணுத்தபோது, "வரட்டும். கடைமடை முழுசுக்கும் நாத்துப் போட நம்ம ரெண்டு பேருக்கு எத்தன கை இருக்கு?" என்றாய்.

சம்பா நடவு முடியும் நேரத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு நான்கு நாள் சேற்றில் நின்றாய். தஞ்சாவூருக்குக் கொண்டு போனபோது நேரம் கடந்திருந்தது. அதை விவரித்து எழுத எனக்குத் தெம்பில்லை.

நேற்று மாலை லஸ்கர் அண்ணன் கூப்பிட்டார். "தண்ணி வந்துடுச்சும்மா. கண்ணால பாத்தேன்" என்றார், நான் கேட்பதற்கு முன்பே. "அந்தப் பொண்ணுகிட்ட சொல்ற மாதிரியே சொல்லிட்டேன்" என்றார். இன்று காலை விதையை ஊறப்போட்டேன். நாளை வடித்துச் சாக்கில் கட்டி வைத்தால் நாளை மறுநாள் முளைத்துவிடும். முளைத்த விதையைத் தூவித்தான் ஆக வேண்டும். என் வீட்டு மொட்டைமாடியில் கால்வாசியைப் போடலாம். முக்கால்வாசிக்குத் தரை இல்லை. முதல் வருடம் நாற்று இருந்தது, தண்ணீர் இல்லை. இந்த வருடம் தண்ணீர் இருக்கிறது. இடம் இல்லாமல் ஊறப்போட்டதற்கு நீ திட்டுவாய். திட்டு. அவசரம் என் பக்கம் மட்டும் இருந்தால் அவர்கள் இன்னும் மூன்று வருடம் கமிட்டி நடத்துவார்கள்.

மதியம் கல்லூரிக்குப் போனேன். உன் அம்மாவும் வந்தார். தாளாளர் நன்றாகத்தான் வரவேற்றார். "வாங்கம்மா, வாங்க. கையேடு பாத்தீங்களா? அருமையா வந்திருக்குல்ல?" எங்களை உட்காரச் சொன்னார். "புதுசா செமினார் ஹால் கட்டுறோம். அதுக்கு அந்தப் பொண்ணு பேரையே வைக்கலாம்னு கமிட்டில முடிவு பண்ணியிருக்கு. அம்மாவ மேடைக்குக் கூப்புட்டுக் கௌரவிக்கிறோம்."

உன் அம்மா உட்காரவில்லை. "பேரு நாங்க வச்சாச்சுங்கய்யா. ஞானஸ்நானத்துலயே வச்சாச்சு. எடத்தப் பத்திச் சொல்லுங்க."

"அதுல கொஞ்சம் சிக்கல் இருக்கும்மா. பிற்காலத்துல வெளையாட்டு மைதானம் வரப்போகுது."

"பிற்காலம் வர்ற வரைக்கும் குடுங்க சார்" என்றேன். "நாலு மாசம்தான் கேக்குறோம்."

"நீங்க காலேஜி கட்டறதுக்கு முன்ன அது வயலுங்கய்யா" என்றார் உன் அம்மா. குரலை உயர்த்தவில்லை. "அதுல எத்தன வருஷம் நான் நடவு நட்டிருக்கேன் தெரியுமா? எந்த மூலையில தண்ணி நிக்கும், எங்க வடியும், கண்ணக் கட்டிவிட்டாலும் சொல்வேன். ஒங்க கமிட்டிக்குத் தெரியுமா அது?"

தாளாளர் மணியை அழுத்தினார். பியூன் எட்டிப் பார்த்தான். "ரெண்டு காபி" என்றார்.

"காபி வேணாங்க" என்றார் உன் அம்மா.

உன்னிடமிருந்து என்னிடம் தங்கிவிட்டது என்னவென்று அந்த அறையில்தான் தெரிந்தது. யாரிடம் எதைக் கேட்கப் போனாலும் வாசலிலேயே சொல்வாய், "தருவீங்களான்னு கேக்காதடி, எப்ப தருவீங்கன்னு கேளு." எனக்கு உன் பொறுமை இல்லை, உன் சிரிப்பு இல்லை. இந்தக் கேள்வி மட்டும் இருக்கிறது. வெளியே வராந்தாவில் நம் மாணவிகள் மூன்று பேரும் அரிவாளும் மண்வெட்டியுமாக நின்றிருந்தார்கள். கருவேலம் வெட்ட வந்திருந்தார்கள், நான் சொல்லாமலே. நானும் எழுந்து நின்றேன்.

"விதைய ஊறப்போட்டுட்டு வந்திருக்கேன் சார். நாளன்னிக்கு முளைச்சிடும். பின்பக்கக் கேட்டுச் சாவிய எப்ப தர்றீங்க?"